மேலோ முதல் மணலி வரை: ஓர் அயர்லாந்து மெட்டின் பிரயாணம்

முத்துசுவாமி தீட்சிதரின் ‘வந்தே மீனாக்ஷி’ ஓரிரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் சின்னப் பாட்டு. சங்கராபரணம், ஏக தாளம். ஆலாபனை கிடையாது, நிரவல் கிடையாது, கமகம்கூடக் கிடையாது. கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைகள் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் முடித்து வரும் பருவத்தில், வாய் பழகட்டும் என்று சொல்லிக்கொடுக்கப்படும் நோட்டுஸ்வரங்களில் ஒன்று. பாலக்காட்டுச் சித்தூரில் பாட்டு வகுப்புக்குப் போகும் ஒரு பிள்ளை இதைக் கற்றுக்கொண்டு, அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிடில் வாசிக்கும் ஒருவர் முன்னால் பாடினால் ஓர் அதிசயம் நடக்கும். பாட்டின் மொழி அவருக்குப் புரியாது. மீனாட்சி யார் என்று தெரியாது. ஆனாலும் இரண்டாவது அடி வருவதற்குள் அவர் வில்லை எடுத்துக் கூடவே வாசிக்கத் தொடங்கிவிடுவார். மெட்டு அவருடையது. ‘தி ரேக்ஸ் ஆஃப் மேலோ’ என்று அதற்கு அங்கே பெயர்.

அந்த மெட்டு அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்த கதை, நம் சங்கீதத்தின் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லப்படவேண்டிய கதை.

பிறந்த ஊர்

மேலோ, அயர்லாந்தின் தெற்கே பிளாக்வாட்டர் ஆற்றின் கரையில் இருக்கும் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே வெந்நீர் ஊற்று பிரபலமாக இருந்தது. உடம்புக்கு நல்லது என்று அந்த நீரைக் குடிக்கவும் குளிக்கவும் சீமான் வீட்டுக் குடும்பங்கள் வந்து தங்கின. கூடவே அவர்கள் வீட்டு இளைஞர்களும் வந்தார்கள். அப்பன் நிலத்தின் குத்தகைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குடித்து, ஆடி, ஜன்னல் கண்ணாடிகளை உடைத்து, கடன்காரனை அடித்து விரட்டி ஊரைக் கலக்கிய மைனர்கள் அவர்கள். மெட்டின் பெயரில் இருக்கும் ‘ரேக்ஸ்’ இந்த மைனர்கள்தான். அவர்களுடைய கும்மாளத்தை வரிசையாகச் சொல்லி, கடைசியில் கல்யாணம் கட்டி அடங்குவதில் முடியும் ஓர் ஆங்கிலப் பாட்டு இந்த மெட்டில் உண்டு.

மெட்டு அச்சேறியது 1740களில். பர்க் தூமத் என்ற இசைக்கலைஞர் அயர்லாந்து மெட்டுகளையும் ஆங்கில மெட்டுகளையும் சேர்த்து லண்டனில் வெளியிட்ட தொகுப்பில் இது இடம்பெற்றது. அச்சில் வந்த பிறகு அதற்கு ஓர் ஊர் என்பது இல்லாமல் போயிற்று. நடன மண்டபங்களில் ஜோடி ஜோடியாக நின்று ஆடும் நாட்டுப்புற நடனத்துக்கு வாசித்தார்கள். பட்டாளத்தில் புல்லாங்குழலும் முரசும் சேர்த்து, நடைவேகத்துக்கு ஏற்ற மெட்டாக வாசித்தார்கள். குட்டையான அடிகள், இரண்டு இரண்டாகக் கால் வைக்கத் தோதான லயம், ஒருமுறை கேட்டால் மறக்காத வடிவம். பட்டாளத்துக்கு வேண்டியது அதுதான்.

கப்பலேறியது

பதினெட்டாம் நூற்றாண்டின் சென்னைப்பட்டினத்தில் அயர்லாந்துக்காரர்கள் இல்லாத பக்கமே இல்லை என்று சொல்லலாம். 1758 டிசம்பரில் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்ட பிரெஞ்சுத் தளபதி லாலி, அயர்லாந்திலிருந்து வெளியேறிய ஒரு குடும்பத்தின் மகன். அவரை 1760இல் வந்தவாசியில் தோற்கடித்த ஆங்கிலத் தளபதி அயர் கூட் பிறந்ததும் அயர்லாந்தில். 1781 முதல் 1785 வரை சென்னையின் கவர்னராக இருந்த மெக்கார்ட்னி பிரபு வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். மைசூர்ப் போருக்காக 1798இல் சென்னைக்கு வந்த ஆர்தர் வெல்லெஸ்லி டப்ளினில் பிறந்தவர். இவர்கள் தளபதிகளும் கவர்னர்களும். இவர்களுக்குக் கீழே, அயர்லாந்தின் வறுமையிலிருந்து தப்பக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிய ஏழைச் சிப்பாய்கள் ஏராளம். சென்னையிலேயே உருவாகி வளர்ந்த ஐரோப்பியப் படைப்பிரிவு ஒன்று, 1881இல் பிரிட்டிஷ் ராணுவம் மாற்றியமைக்கப்பட்டபோது ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்று பெயர் பெற்றது. சென்னைக்கும் அயர்லாந்துக்கும் இருந்த உறவு அவ்வளவு நெருக்கம்.

சிப்பாய் தன் மூட்டையில் எதை விட்டாலும் பாட்டை விடமாட்டான். கோட்டைக்குள் பேண்டு வாத்தியம் காலையிலும் மாலையிலும் முழங்கியது. எழும்பூரில், இன்று அரசு அருங்காட்சியகம் இருக்கும் இடத்தில், பாந்தியன் என்ற கட்டடத்தில் வெள்ளைக்காரர்களின் விருந்தும் நடனமும் நடந்தன. அவர்கள் ஆடியதும் பாடியதும் அவர்கள் வீட்டு மெட்டுகள்: இங்கிலாந்துடையவை, ஸ்காட்லாந்துடையவை, பிரான்ஸுடையவை, அயர்லாந்துடையவை. கோட்டை மதிலுக்கு வெளியே நின்ற தமிழர்களின் காதில் அவை எல்லாம் விழுந்தன.

மணலியின் காதில் விழுந்தது

சென்னைக்கு வடக்கே மணலி. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பெயர்போன அந்த இடத்தில், அன்று சங்கீதத்துக்குப் பெயர்போன ஒரு மாளிகை இருந்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கம்பெனியின் துபாஷ். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் ஊராருக்கும் நடுவில் நின்று பேச்சும் வியாபாரமும் நடத்திக்கொடுத்தவர். அவரும் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் வித்துவான்களை ஆதரித்த பிரபுக்கள். அவர்கள் அழைப்பை ஏற்று, திருவாரூரிலிருந்து ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்கு வந்தார். ஹம்சத்வனி ராகத்தை நமக்குத் தந்தவர் என்று போற்றப்படுபவர் அவர். மூன்று ஆண்பிள்ளைகள்: 1775இல் பிறந்த முத்துசுவாமி, அடுத்தவர் சின்னசுவாமி, 1786இல் பிறந்த கடைக்குட்டி பாலுசுவாமி.

துபாஷ் வீட்டுப் பிள்ளைகளோடு பழகியதால் கோட்டைக்குள் போய்வரும் வாய்ப்பு இந்தச் சகோதரர்களுக்குக் கிடைத்தது. பேண்டு வாத்தியத்தைக் கேட்டார்கள். கேட்டதோடு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முதலியார் ஏற்பாட்டில் பாலுசுவாமி ஓர் ஐரோப்பிய வித்துவானிடம் வயலின் கற்றார். கற்றுக்கொண்டு, அந்த வாத்தியத்தில் நம் ராகங்களை வாசித்தார். கச்சேரி மேடையில் இன்று வயலின் இல்லாத பாட்டை நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? அந்த மாற்றம் தொடங்கிய இடங்களில் முக்கியமானது மணலி. அண்ணன் முத்துசுவாமியின் சீடரான தஞ்சாவூர் வடிவேலு அந்த வாத்தியத்தைத் திருவாங்கூர் அரண்மனைக்குக் கொண்டுபோனார். சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் அவருக்குத் தந்த வயலின் தந்தத்தால் ஆனது. கேரளத்தில் வயலின் வேர் பிடித்தது இந்த வழியாக.

தம்பி வாத்தியத்தை எடுத்துக்கொண்டார். அண்ணன் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். காதில் விழுந்த மேனாட்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரங்கள் எனப்படும் அவை நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் ராஜ வாழ்த்து மெட்டில் ‘ஸந்ததம் பாஹி மாம்’ வந்தது. பிரெஞ்சு நடன மெட்டு ஒன்றில் ‘சக்தி ஸஹித கணபதிம்’ வந்தது. நர்சரிப் பள்ளிப் பிள்ளைகள் நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடும் மெட்டில் ‘ச்யாமளே மீனாக்ஷி’. மேலோ ஊர் மைனர்களின் மெட்டில் ‘வந்தே மீனாக்ஷி’.

மெட்டுக்குள் என்ன இருக்கிறது

இந்த ஒரு பாட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். தீட்சிதர் செய்த வேலையின் நுட்பம் அப்போதுதான் தெரியும்.

அயர்லாந்து மெட்டின் முதல் அடி ஷட்ஜத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து காந்தாரம், மறுபடி ஷட்ஜம், மறுபடி காந்தாரம் என்று ஸவுக்கும் கவுக்கும் இடையே மூன்று முறை போய் வருகிறது. பிறகு மத்தியமத்தைத் தொட்டு ம க ரி ஸ என்று நான்கு விரைந்த ஸ்வரங்களில் சரசரவென்று இறங்குகிறது. இரண்டாம் அடி அதே வடிவம், ஒரு ஸ்தானம் கீழே: மந்திர நிஷாதத்துக்கும் ரிஷபத்துக்கும் இடையே மூன்று முறை, பிறகு க ரி ஸ நி என்று ஓர் இறக்கம். ஆறு நிதான ஸ்வரம், நான்கு வேக ஸ்வரம். மறுபடி ஆறு, மறுபடி நான்கு.

இப்போது சாகித்தியத்தைப் பாருங்கள். நிதானமாக வரும் ஆறு ஸ்வரங்களுக்கு ஆறு குரு எழுத்துகள். நீட்டி உச்சரிக்க வேண்டியவை. வேகமாக இறங்கும் நான்கு ஸ்வரங்களுக்கு நான்கு லகு எழுத்துகள். இரண்டாம் அடியிலும் துல்லியமாக அதே கணக்கு. ஓர் எழுத்தையும் இழுத்துப் பிடித்து மெட்டுக்குள் திணிக்கவில்லை, ஒரு ஸ்வரமும் எழுத்தில்லாமல் அநாதையாக நிற்கவில்லை. மெட்டு வேறு ஊரில் பிறந்தது என்று யாரும் சொல்லாவிட்டால், அந்த வார்த்தைகளுக்கென்றே போட்ட மெட்டு என்றுதான் நினைப்போம். போதாததற்கு, மூன்று நான்கு அடிகளே உள்ள அந்தச் சின்ன இடத்துக்குள் தம் முத்திரையான ‘குருகுஹ’வையும் வைத்துவிட்டார். தாம் செய்த பெரிய கிருதிகளில் எந்த முத்திரையை வைத்தாரோ அதே முத்திரை. விளையாட்டுக்குச் செய்ததாக அவர் நினைத்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

அவர் மாற்றாமல் விட்டதையும் கவனிக்கவேண்டும். சங்கராபரணத்தில் கமகம் போட்டு அசைக்கத் தெரியாதவரா தீட்சிதர்? வீணையில் ஊறிய கை அது. ஆனாலும் இந்த மெட்டுகளில் ஒரு ஸ்வரத்தையும் அசைக்கவில்லை. விருந்தாளியின் நடையை மாற்றாமல் அப்படியே உட்காரவைத்தார். சொல்லும் தெய்வமும் முத்திரையும் தம்முடையவை, நடை வந்தவருடையது. இரண்டு பக்கத்துக்கும் மரியாதை.

மீனாட்சி தீட்சிதரின் வாழ்க்கையில் சாதாரணப் பெயரும் அல்ல. கமகக்கிரியா ராகத்தில் அவர் செய்த ‘மீனாக்ஷி மே முதம் தேஹி’ கனத்த சௌக்க காலக் கிருதி; ஒரு பிரயோகத்தைப் பிடிக்க மாதக்கணக்கில் சாதகம் வேண்டும். 1835 தீபாவளி நாளில், எட்டயபுரத்தில், சீடர்கள் அந்தக் கிருதியைப் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அந்தக் கிருதியில் வரும் அதே அம்மனை, பிள்ளைகள் கைதட்டிப் பாடும் இரண்டு நிமிட அயர்லாந்து மெட்டிலும் அவர் வைத்தார். அவருக்கு இரண்டு வாசலும் ஒரே சந்நிதிக்குப் போவதுதான்.

எழுதிவைத்தவர்கள்

வாயிலிருந்து வாய்க்கு வரும் பாட்டு, எழுதிவைக்கும் ஒருவர் கிடைக்காவிட்டால் ஒரு தலைமுறையில் போய்விடும். அயர்லாந்துக்கும் எட்டயபுரத்துக்கும் இதில் ஒரு வியப்பான ஒற்றுமை உண்டு.

1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு விழா எடுத்தார்கள். அயர்லாந்தின் பழைய ஹார்ப் வாசிப்பு அழிந்துகொண்டிருந்த காலம். மிச்சமிருந்த பத்து அயர்லாந்து வித்துவான்களை வரவழைத்து வாசிக்கச் சொன்னார்கள். அவர்களில் பலர் கண் தெரியாதவர்கள், முதியவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவர் பத்தொன்பது வயது எட்வர்ட் பன்டிங். 1773இல் பிறந்தவர், தீட்சிதருக்கு இரண்டு வயது மூத்தவர். அந்த விழாவுக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் மெட்டுகளைத் தேடி எழுதுவதே அவர் வேலையாயிற்று.

இங்கே அந்த வேலையைச் செய்தவர் சுப்பராம தீட்சிதர், பிறந்த ஆண்டு 1839. வயலின் கற்ற பாலுசுவாமி எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்தபோது தம் மகள் வயிற்றுப் பேரனைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார். அந்தப் பிள்ளைதான் இவர். குடும்பச் சொத்தான கிருதிகளை வெளியே கொடுக்க முதலில் அவருக்கு மனமில்லை. சென்னையிலிருந்து ஏ. எம். சின்னசாமி முதலியார் என்பவர் தொடர்ந்து வற்புறுத்தினார். நம் கிருதிகளை மேனாட்டு ஸ்வரக்குறிப்பில் எழுதி 1890களிலேயே சென்னையில் அச்சிடத் தொடங்கியவர் அவர். எட்டயபுரம் ராஜாவின் ஆதரவில், அங்கிருந்த வித்யா விலாசினி அச்சகத்தில் 1904இல் ‘ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. 1905இல் மாணவர்களுக்கான ‘பிரதமாப்யாஸ புஸ்தகமு’. இந்தப் பாடப்புத்தகத்தில்தான் முப்பத்து மூன்று நோட்டுஸ்வர சாகித்தியங்கள் ஸ்வரத்தோடு அச்சேறின. 1906இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தார். அதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் அவர் மறைவுக்கு இரங்கற்பா பாடினார்.

அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் இன்னொருவர். ஃபிரான்சிஸ் ஓ’நீல், மேலோ இருக்கும் கார்க் மாவட்டத்திலேயே 1848இல் பிறந்து, கப்பலில் வேலை செய்து, அமெரிக்கா போய், சிகாகோ நகரப் போலீஸின் தலைமை அதிகாரியானவர். பிழைப்பு தேடி வந்த தம் ஊர்க்காரர்களிடமிருந்து மெட்டு மெட்டாகச் சேகரித்தார். 1903இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் 1,850 மெட்டுகள். 1903இல் சிகாகோவில் ஒரு புத்தகம், 1904இல் எட்டயபுரத்தில் ஒரு புத்தகம். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், தங்கள் காலத்தோடு தங்கள் சங்கீதம் போய்விடக்கூடாது என்ற ஒரே கவலையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

கிதார் வந்த பிறகு

மெட்டு மேற்கே என்ன ஆயிற்று? அது அங்கேயும் மாறிக்கொண்டே இருந்தது. 1947இல் அமெரிக்க இசையமைப்பாளர் லீராய் ஆண்டர்சன் தம் அயர்லாந்துத் தொகுப்பிசைக்காக அதை முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். 1952இல் ஜான் ஃபோர்டின் ‘தி குவயட் மேன்’ படத்தில் சண்டைக் காட்சிக்குப் பின்னால் அது துள்ளிக் குதித்தது.

இன்று அயர்லாந்துப் பாட்டு என்றதும் உலகம் நினைப்பது ஒரு குரலையும் ஒரு கிதாரையும்தான். ஆனால் கிதார் அந்த மண்ணின் வாத்தியம் இல்லை. அயர்லாந்து மொழியில் பாடும் பழைய மரபில் துணை வாத்தியமே கிடையாது. ஒற்றைக் குரல், அதன் வளைவு நெளிவு, அவ்வளவுதான். கிதார் அங்கே பரவலாகப் புகுந்தது 1960களின் நாட்டுப்பாடல் அலையில். வயலின் நம் மேடைக்கு வந்தது போலவே அதுவும் வெளியிலிருந்து வந்து, தன்னை அந்த இசைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டது.

அந்தத் திருத்தம் எப்படி நடந்தது என்பது நமக்கு நெருக்கமான விஷயம். வழக்கமான கிதார் சுருதியில் கார்டு பிடித்தால் காந்தாரம் கூடவே ஒலித்து, பாட்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். பழைய அயர்லாந்து மெட்டுகள் பலவற்றுக்கு அது ஒத்துவராது. 1960களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்ற பிரிட்டிஷ் கலைஞர் மொராக்கோ போய்வந்து, அங்கே கேட்ட ஊத் வாத்தியத்துக்கு ஈடுகொடுக்க ஒரு புதுச் சுருதிமுறையைப் பரப்பினார். நம் கணக்கில் சொன்னால் அதன் ஆறு தந்திகளும் ஸ ப ஸ ம ப ஸ. காந்தாரமே இல்லை. மீட்டினால் தம்புராவின் சாயல் தெரியும். அந்தச் சுருதியில் அவர் ஓர் அயர்லாந்துப் பாட்டை எடுத்து, இந்திய ராக ஆலாபனையின் நிழல் படிய வாசித்தார். 1970களில் மீஹால் ஓ டோனல் போன்றவர்கள் அதே சுருதியை அயர்லாந்துப் பாட்டின் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அது அந்த இசையின் சொந்தச் சுருதி போலவே ஆகிவிட்டது.

நம் மேலோ மெட்டுக்குக் கிதார் பிடிப்பதும் எளிது. முதல் அடியின் ஸ–க முழுவதற்கும் ஷட்ஜக் கார்டு ஒன்று. இரண்டாம் அடியின் நி–ரி வந்ததும் பஞ்சமக் கார்டு. இரண்டே கார்டில் பாட்டின் பெரும் பகுதி ஓடிவிடும். அதையே தம்புரா சுருதியில் பாடினால் வேறோர் அனுபவம்: கீழே ஸ அசையாமல் ஒலித்துக்கொண்டிருக்க, இரண்டாம் அடியின் நிஷாதம் அதன் மேல் உராய்ந்து, எப்போது ஸவுக்குத் திரும்புவோம் என்று ஏங்கும். ஒரே மெட்டு, இரண்டு துணை, இரண்டு சுவை. கிதார் கற்கும் பிள்ளையும் வாய்ப்பாட்டு கற்கும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தால், பத்து நிமிஷத்தில் சேர்ந்து வாசித்துப் பார்த்துவிடலாம். இடுக்கி மலைகளின் கிழக்குச் சரிவுக்குக் கீழே பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவுக்கும் கிதார்தான் மேனாட்டு இசைக்குத் திறந்த கதவுகளில் ஒன்று என்பதை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது.

சித்தூரிலிருந்து பார்க்கும்போது

சித்தூர்க்காரர்களுக்கு எல்லை என்பது புதிதல்ல. பழைய கொச்சி சமஸ்தானத்தின் தாலுகா இது; ஆனால் சமஸ்தானத்தோடு ஒட்டாமல் தனித்துக் கிடந்தது. சுற்றிலும் சென்னை ராஜதானியைச் சேர்ந்த மலபாரும் கோயம்புத்தூரும். கொங்குப் படையோடு நடந்த சண்டையை நினைத்து பகவதி கோயிலில் கொங்கன்படை விழா எடுக்கிறோம்; அந்தக் கொங்கு மண்ணிலிருந்து வந்த குடும்பங்களோடுதான் சந்தையிலும் பள்ளியிலும் அன்றாடம் பழகுகிறோம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று கிழக்கே போகப் போகத் தமிழ் கூடிக்கொண்டே போகும். சோகநாசினி ஆற்றங்கரையில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. சம்ஸ்கிருத அத்யாத்ம ராமாயணத்தை எடுத்து, கிளி பாடுவதாக மலையாளத்தில் பாடி, ஒரு மொழியின் போக்கையே மாற்றியவர் அவர். வெளியிலிருந்து வருவதை எடுத்து, தன் கைத்திறமை அத்தனையும் அதில் இட்டு, தனதாக்கிக்கொள்வது எப்படி என்பதற்கு இந்த ஊரில் உதாரணம் தேடி அலையவேண்டாம்.

சங்கீதமும் இங்கே பஞ்சமில்லை. கோட்டாயியை அடுத்த செம்பையில் 1896இல் பிறந்த வைத்தியநாத பாகவதர் பெயரில் பாலக்காட்டில் அரசு இசைக்கல்லூரி இருக்கிறது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம், கே. வி. நாராயணசுவாமியின் குரல், மஞ்ஞப்ர எம். டி. ராமநாதனின் சௌக்கம் எல்லாம் இந்த மாவட்டம் தந்தவை. சித்தூர் அரசு கல்லூரியில் இசைத் துறையும் இருக்கிறது, தமிழ்த் துறையும் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் நோட்டுஸ்வரங்களை நாம் பிள்ளைகள் விஷயம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். மேடையில் மேனாட்டு மெட்டு வந்தால் ரசிகர்களுக்குப் பிடிக்கும் என்பதற்குச் சாட்சி உண்டு. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த ‘இங்கிலீஷ் நோட்’டை மதுரை மணி ஐயர் கச்சேரி முடிவில் பாடக் கேட்பதற்காகவே காத்திருந்த கூட்டம் இருந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் வாழும் கண்ணிகேஸ்வரன், நோட்டுஸ்வரங்களின் மூல மெட்டுகளைத் தேடிப்பிடித்து, குழந்தைகள் குரலில் மேனாட்டு வாத்தியங்களோடு சேர்த்து ஒலிப்பதிவு செய்து, இவை எவ்வளவு புதுமையாக இன்றும் ஒலிக்கின்றன என்று காட்டியிருக்கிறார். அந்தக் காரியம் இங்கே, தீட்சிதரின் சீட பரம்பரை வேர்விட்ட மண்ணில், இன்னும் பெரிதாக நடக்கவேண்டும்.

இந்த மெட்டுகளைத் தீட்சிதர் எடுத்துக்கொண்டதில் நம் சங்கீதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதை உறுதியாகச் சொல்லவேண்டும். தூய்மை கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்குப் பதிலாக அவருடைய வாழ்க்கையே நிற்கிறது. நவாவரணக் கிருதிகளைச் செய்த அதே மனிதர்தான் பட்டாளத்துக் குழல் மெட்டுக்கும் சாகித்தியம் செய்தார். தன் மரபில் ஆழமாகக் கால் ஊன்றியவருக்கு வெளியிலிருந்து வருவதைக் கண்டு பயம் இல்லை. பயம் வருவது கால் ஊன்றாதவருக்குத்தான். அதேபோல, எடுத்துக்கொண்டதை எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்வதிலும் நமக்குச் சிறுமை இல்லை.

பாட்டுப் புத்தகங்களில் ராகம், தாளம், இயற்றியவர் மூன்றும் இருக்கும். மெட்டின் ஊர் இருப்பது அபூர்வம். எனவே பாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘வந்தே மீனாக்ஷி’ சொல்லிக்கொடுக்கும்போது, தாளம் போட வைக்கும் முன், மேலோ என்று ஓர் ஊர் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்த மெட்டை அயர்லாந்தில் வாசிக்கும் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்கவையுங்கள். கிதார் தெரிந்த மாணவன் இருந்தால் கூட உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். கல்லூரி இசை விழாக்களில் நோட்டுஸ்வரங்களுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கச்சேரி செய்கிறவர்கள் மாதம் ஒரு மேடையிலாவது ஒன்றைப் பாடி, அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சொல்லட்டும். இருநூறு வருஷத்துக்கு முன்னால் தீட்சிதர் முடித்துவைத்த வேலை இது. நாம் செய்யவேண்டியது அதைப் பாடுவது மட்டுமே.